நெல் தூர் கட்டும், பனை தூர் கட்டுமா?

"என் மச்சினன் போன வருசம் அவன் மவனுக்குப் பாதி ஈரலை அறுத்துக் குடுத்தான் சார். மூணு மாசத்துல திரும்ப வளந்துட்டுன்னு ஸ்கேன்ல காட்டுனாங்க. ஈரல் வளருதுல்லா, பக்கத்துல கெடக்க கணையம் மட்டும் ஏன் வளராது?"

கேட்டவர் அம்பாசமுத்திரம் பக்கத்து நெல் விவசாயி. 58 வயது. பதினோரு வருடமாக டைப் 2 சர்க்கரை. கையில் இருந்த போனை என் மேஜைமேல் திருப்பி வைத்தார். "கணையத்தை மீண்டும் வளர்க்கும் அதிசயப் பொடி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. பொடிக்கு மாதம் 2,400 ரூபாயாம். அவர் அதை வாங்கலாமா என்று கேட்கவில்லை. ஈரல் வளரும்போது இன்சுலின் சுரக்கும் கணையம் மட்டும் ஏன் வளரக் கூடாது என்று காரணம் கேட்டார். சர்க்கரை நோய் மருத்துவம் பார்க்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நேரான கேள்வியை மாநாடுகளில்கூட நான் கேட்டதில்லை.

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அதனால் அவருக்குப் புரிகிற கணக்கில் சொன்னேன். "நெல்லு தூர் கட்டும். ஒரு நாத்து நட்டா அதுல பத்து கிளைக்கும். பனை தூர் கட்டுமா? எத்தனை கொட்டை ஊனுனீங்களோ அத்தனை மரம். ஈரல் நெல்லு மாதிரி. கணையம் பனை மாதிரி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ எனக்கு எத்தனை பனை ஊனியிருக்கு சார்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அன்று பாதியில் விட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பனைக்கணக்கு நான் இட்டுக்கட்டியது அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் மெல்டன் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர். தன் குழந்தைக்கு டைப் 1 நீரிழிவு வந்ததும் தவளையை விட்டுவிட்டுக் கணையத்துக்கு மாறினார். அவருடைய ஆய்வகத்தில் பென் ஸ்டாங்கரும் மற்றவர்களும் செய்த சோதனை ஒன்று 2007இல் நேச்சர் இதழில் வந்தது. எலிக் கருவில் கணையம் மொட்டுவிடும் நேரத்தில், கணையமாக வேண்டிய மூலச் செல்களில் ஒரு பகுதியை மட்டும் நச்சு வைத்து அழித்தார்கள். பிறகு நச்சை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த செல்களுக்கு வளர நாள் இருந்தது, தாயின் ரத்தமும் இருந்தது. ஆனாலும் இழந்ததை ஈடுகட்ட அவை கூடுதலாகப் பெருகவில்லை. எத்தனை செல்கள் மிஞ்சினவோ அந்த அளவுக்கே கணையம் வந்தது. எலிக்குட்டி சின்னக் கணையத்தோடு பிறந்தது, வளர்ந்த பிறகும் அது சின்னதாகவே இருந்தது. இதே வேலையைக் கருவின் கல்லீரலில் செய்து பார்த்தார்கள். அது இழந்ததை மீட்டுக்கொண்டது.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கருவின் குடல் குழாய் ஒன்றிலிருந்துதான் ஈரலும் வருகிறது, கணையமும் வருகிறது. குழாயின் அடிப்பக்கச் சுவரில் அடுத்தடுத்து இருக்கும் செல்களில் எது எதுவாகும் என்பதை முடிவு செய்வதில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பங்கு இருக்கிறது. இதயமாகப் போகும் திசு அருகிலேயே இருக்கும். அது எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கசியவிடுகிறது. அது எட்டும் இடத்துச் செல்கள் ஈரலாகப் போகின்றன. எட்டாத செல்கள் கணையமாகின்றன. எலிக் கருவில் பார்த்த செய்தி இது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தள்ளிவைப்பில் ஒன்றுக்குத் தூர் கட்டும் வரம் கிடைக்கிறது, மற்றதற்கு இல்லை.

மேல்பக்கச் சுவரில் கதை வேறு. முதுகெலும்புக்கு முன்னோடியாக நோட்டோகார்ட் என்றொரு கம்பி கருவில் ஓடும். அது குடல் குழாயைத் தொடும் இடத்தில் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையின் வாயை அடைத்துவிடுகிறது. (ஆமாம், வீடியோ கேமில் ஓடுமே அந்த நீல முள்ளெலியின் பெயர்தான். விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.) அந்தச் சமிக்ஞை அடங்கிய இடத்தில்தான் பிடிஎக்ஸ்1 என்ற மரபணு விழிக்கிறது, கணைய மொட்டு எழும்புகிறது. மனிதக் கருவில் இது ஏறக்குறைய 26ஆம் நாள். கருவே அப்போது ஒரு நெல்மணியில் பாதி நீளம்தான். தாய்க்கு நாள் தள்ளிப்போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. மருந்துக்கடையில் கிட் வாங்குவதற்குள் கணையத்துக்கு இடம் குறித்தாகிவிடுகிறது.

மேல் மொட்டு, கீழ் மொட்டு என்று இரண்டாக வளர்ந்து, குடல் திரும்பும்போது கீழ் மொட்டு சுற்றி வந்து மேல் மொட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஏழாவது வாரத்துக்குள் ஒரே உறுப்பு ஆகிவிடும். கீழ் மொட்டு கணையத்தின் தலைப்பகுதியில் அடிப்பாகத்தை மட்டும் தருகிறது. தலையின் மிச்சம், உடல், வால் எல்லாம் மேல் மொட்டின் பிள்ளைகள். இந்தப் பங்கீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நோயாளி விஷயத்தில் திரும்ப வரும்.

மொட்டு வந்தால் மட்டும் போதாது, அது பெருக வேண்டும். இங்கேதான் வளர்ச்சிக் காரணிகளின் ராஜ்ஜியம். 1962இலேயே கோலோசோ, கிராப்ஸ்டைன் என்ற இருவர் எலிக் கருவின் கணைய மொட்டை எடுத்து, அதைச் சுற்றியிருந்த கொழகொழத் திசுவை உரித்துவிட்டுத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். மொட்டு வளரவில்லை. உரித்த திசுவைப் பக்கத்தில் வைத்ததும் வளர்ந்தது. அந்தத் திசு என்ன கொடுக்கிறது என்பதற்கான முக்கியமான விடை வர நாற்பது வருடம் பிடித்தது: எஃப்ஜிஎஃப்10. 2001இல் இந்தக் காரணி இல்லாத எலிகளைப் பார்த்தபோது, மொட்டு சரியாகவே எழும்பியிருந்தது. அதற்குப் பிறகு மூலச் செல்கள் பெருகாமல் அது குறுகிப்போய்விட்டது. ஈரல் கதையில் வந்த எஃப்ஜிஎஃப்புக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். அங்கே கணையத்தைத் தடுத்தவன் குடும்பமே இங்கே கணையத்தைப் பெருக்குகிறது. எந்த நாளில், எந்தச் செல்லுக்கு என்பதுதான் எல்லாம்.

சரி, எஃப்ஜிஎஃப்10ஐ அளவுக்கு மீறிக் கொடுத்தால் பெரிய கணையம் கிடைக்குமா? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். கணையச் செல்கள் இந்தக் காரணியை ஓயாமல் சுரக்கும்படி எலிகளை உருவாக்கினார்கள். செல்கள் பெருகிக்கொண்டே போயின. ஆனால் இன்சுலின் செல்லாக முதிர மறுத்தன. நாற்றங்காலில் நாற்று செழித்து நிற்கிறது, நடவே நடக்கவில்லை என்ற நிலை. இதற்கு நேர்மாறும் உண்டு. நியூரோஜெனின்3 என்ற மரபணுதான் ஒரு செல்லைப் பார்த்து 'போதும், நீ இன்சுலின் பக்கம் போ' என்று பிரித்தெடுப்பது. அதைச் சீக்கிரமே எல்லாச் செல்லிலும் முடுக்கிவிட்டால் மூலச் செல்கள் பெருகும் முன்பே முதிர்ந்துவிடுகின்றன, கணையம் முளையிலேயே நின்றுவிடுகிறது. அந்த மரபணுவே இல்லாவிட்டால் இன்சுலின் செல் ஒன்றுகூட வராது. நாட்ச் என்ற இன்னொரு ஏற்பாடு ஒவ்வொரு செல்லும் தன் பக்கத்துச் செல்லை 'நீ இன்னும் பொறு' என்று பிடித்து வைப்பதால்தான் இந்த நடவு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

பொடிக்காரர்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். கணையம் வளரும் என்கிறீர்களே, எதை வளர்க்கிறீர்கள்? 80 முதல் 100 கிராம் எடையுள்ள கணையத்தில் பெரும்பகுதி செரிமானச் சாறு சுரக்கும் செல்கள். இன்சுலின் செல்கள் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மொத்தமும் சேர்ந்தால் ஓரிரண்டு கிராம்தான் தேறும், எண்ணிக்கையில் ஏறக்குறைய பத்து லட்சம் திட்டுகள். 1869இல் மாணவனாக இருந்தபோது பால் லாங்கர்ஹான்ஸ் நுண்ணோக்கியில் அவற்றைக் கண்டார், அவை எதற்கென்று அவருக்கே தெரியாது. அந்த ஓரிரண்டு கிராமுக்காகத்தான் நான் மருத்துவமனை நடத்துகிறேன்.

மனிதனில் கணையம் மீண்டும் வளராது என்பதற்கு எலியை மட்டும் நம்பி இல்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1979 முதலே, டைப் 1 நோயாளிக்கு அவருடைய உறவினர் பாதிக் கணையத்தைத் தானம் கொடுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தவர்கள் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆரோக்கியமானவர்கள். 1990இல் வெளியான கணக்கில், ஒரு வருடம் கழித்து அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சர்க்கரைத் தாங்குதிறன் குறைந்திருந்தது. என் நோயாளியின் மச்சினன் ஈரலில் பாதியைக் கொடுத்துவிட்டு வயலுக்குத் திரும்பிவிட்டார். கணையத்தில் பாதியைக் கொடுத்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

உவமை முழுக்கப் பொருந்துகிறது என்று சொல்ல மாட்டேன். பிறந்த பிறகும் பீட்டா செல்கள், அதாவது இன்சுலின் சுரக்கும் செல்கள், கொஞ்சம் பெருகுகின்றன. முதல் ஓரிரு வருடத்தில்தான் அது வேகம், பிறகு மளமளவென்று குறைந்துவிடுகிறது. கர்ப்பகாலத்தில் தாயின் கணையம் சற்றுக் கூட்டிக்கொள்கிறது. உடல் பருத்தவர்களிடமும் அப்படி. பனையிலும் எங்கேயாவது ஒரு கிளைப்பனை இருக்கத்தான் செய்கிறது.

இனி என் அறைக்குள் வந்த இரண்டு குழந்தைகள்.

முதலாவது, இரண்டு மாதப் பெண் குழந்தை. நிறைமாதத்தில்தான் பிறந்தது, ஆனால் 1.9 கிலோ. மூச்சு வாங்குகிறது என்று வேறொரு மருத்துவமனையில் நிமோனியாவுக்கு மூன்று நாள் மருந்து ஏற்றியிருந்தார்கள். சர்க்கரை யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதக் குழந்தைக்கு அதைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்களிடம் வந்தபோது 640. ரத்தம் அமிலமாகியிருந்தது, மூச்சு வாங்கியதும் அதனால்தான். குழந்தையின் அப்பத்தா மூலையில் நின்றிருந்தார். எல்லாரும் பேசி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "பிள்ள மூத்திரத் துணில எறும்பா மொய்க்கி. மருமவகிட்ட ஒரு வாரமா சொல்லிட்டு இருக்கேன். துவைச்ச சோப்புன்னுட்டா."

அந்த அப்பத்தாதான் நோயைக் கண்டுபிடித்தவர்.

1.9 கிலோ என்ற எடையும் ஒரு சாட்சிதான். பிறப்பதற்கு முன் இன்சுலின் வெறும் சர்க்கரை மருந்து அல்ல. சிசுவை வளர்க்கிற முக்கியமான வளர்ச்சிக் காரணிகளில் அதுவும் ஒன்று. தாயின் இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டி வராது. குழந்தை தன்னுடையதைத் தானே சுரந்துதான் கடைசி மாதங்களில் சதை வைக்க வேண்டும். சுரக்க முடியாத குழந்தை மெலிந்து பிறக்கிறது. அதனால்தான் பிறந்து சில வாரங்களில் சர்க்கரை ஏறிய குழந்தையைப் பார்த்தால் நான் முதலில் தாய்சேய் அட்டையைப் புரட்டிப் பிறந்த எடையைத் தேடுவேன்.

ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரை டைப் 1 ஆக இருப்பது அரிது. பெரும்பாலும் அது ஒற்றை மரபணுப் பழுது. எல்லாப் பெற்றோரும் எல்லாப் பொது மருத்துவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வரி இது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மரபணுச் சோதனை கட்டாயம். சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்தச் சோதனைகளைப் பல வருடமாகச் செய்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் ஆய்வகமும் உலகெங்குமிருந்து வரும் மாதிரிகளைப் பார்க்கிறது. இந்தக் குழந்தைக்குக் கேசிஎன்ஜே11 என்ற மரபணுவில் பழுது. கணையம் இருக்கிறது, திட்டுகள் இருக்கின்றன, இன்சுலினும் தயாராகிறது. வெளியே விடும் கதவின் தாழ்ப்பாள் மட்டும் சிக்கிக்கொண்டது. அந்தத் தாழ்ப்பாளை நீக்க நம் தாத்தா காலத்துச் சர்க்கரை மாத்திரை போதும்: க்ளிபென்கிளமைடு. 2006இல் வந்த ஆய்வில் இந்தப் பழுதுள்ள 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற முடிந்தது. எங்கள் குழந்தையும் மாறியது. அரை யூனிட் இன்சுலினை அளந்து ஏற்ற சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பிடித்துக் கண் நோக இருந்த அந்தத் தாய், இப்போது மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்துப் பாலாடையில் புகட்டுகிறார்.

இரண்டாவது குழந்தைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பிறந்த மூன்றாம் நாளே சர்க்கரை ஏறியது. இதயத்தில் துளை. மலம் எண்ணெய் பூசியது போல நாப்கினில் வழுக்கியது, தண்ணீர் விட்டாலும் போகவில்லை. இந்த எண்ணெய்தான் துப்பு. இன்சுலின் மட்டும் இல்லையென்றால் கொழுப்புச் செரிமானம் கெடாது. இரண்டும் சேர்ந்து போயிருக்கிறது என்றால் தொழிற்சாலையே கட்டப்படவில்லை என்று பொருள். ஸ்கேனில் ரேடியாலஜிஸ்ட் அரை மணி நேரம் தேடினார். கணையத்தின் இடத்தில் எதுவும் இல்லை. சோதனையில் கேட்டா6 மரபணுவின் ஒரு பிரதி பழுது. (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று மரபணுவுக்கு இரண்டு பிரதி.)

கணையமே இல்லாமல் மனிதன் பிறக்கக் காரணமான மரபணுவை முதலில் 1997இல் கண்டார்கள். டோரிஸ் ஸ்டாஃபர்ஸ் குழு விவரித்த குழந்தையில், நான் மேலே சொன்ன பிடிஎக்ஸ்1இன் இரண்டு பிரதியிலும் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அதே குடும்பத்தில் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்குக் கணையம் இருந்தது, ஆனால் அவர்கள் இளவயதிலேயே சர்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே மரபணு: முழுதும் போனால் உறுப்பே இல்லை, பாதி போனால் கையிருப்பு குறைவு. பிறகு 2004இல் பிடிஎஃப்1ஏ. அதில் கணையத்தோடு சிறுமூளையும் போய்விடும். கேட்டா6 வந்தது 2011 இறுதியில். கணையம் இல்லாத 27 பேரை ஆராய்ந்ததில் 15 பேருக்கு இந்தப் பழுது. எலியில் கேட்டா6இன் ஒரு பிரதி போனாலும் கணையத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. மனிதனில் ஒன்று போனாலே போதும். எலியில் பார்த்ததை அப்படியே நமக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது என்று என் மாணவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது. மேலே இவ்வளவு எலிக்கதை சொன்னவன் இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு இன்சுலினும், ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் செரிமான நொதி மருந்தும் வாழ்நாள் முழுக்க வேண்டும். இதயத் துளையை அடைத்தாகிவிட்டது. எடை ஏறுகிறது.

பெரியவர்களிடமும் இந்த ஆரம்பகாலக் கணக்கு ஒளிந்து நிற்கும். 24 வயது இளைஞர் ஒருவர், ஒல்லி. டைப் 1 என்று முத்திரை குத்தி நான்கு வருடமாக இன்சுலின். உடல் தன் இன்சுலின் செல்லையே தாக்குவதைக் காட்டும், டைப் 1க்கான எதிர்ப்பொருள் ஒன்றுமில்லை. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் கணையத்தின் 'உடல், வால் தெரியவில்லை, குடல் வாயு மறைக்கிறது' என்று எழுதியிருந்தது. இந்த வரி நம் ஊர் ரிப்போர்ட்டில் பாதிக்குப் பாதி இருக்கும், யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால் அதே ரிப்போர்ட்டில் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள் என்றும் இருந்தது. ரத்தத்தில் மக்னீசியம் குறைவு. சிடி எடுத்தோம். குடல் வாயுவின் மேல் தவறு இல்லை. உடலும் வாலும் உண்மையாகவே இல்லை, தலை மட்டும் இருந்தது. எச்என்எஃப்1பி என்ற மரபணு கருவில் சிறுநீரகத்துக்கும் கணையத்துக்கும் சேர்த்து வேலை பார்ப்பது. அது பழுதானால் மேல் மொட்டுக்கு அடி விழுகிறது. இன்சுலின் அவருக்குத் தொடரத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. மாறியது சிறுநீரகக் கண்காணிப்பு. ஏறக்குறைய பாதிப் பேரில் இந்தப் பழுது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது. அதனால் 'எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே' என்பதை வைத்து இதை ஒதுக்கிவிட முடியாது.

அதற்காக ரிப்போர்ட்டில் 'கணையம் சிறுத்துள்ளது' என்று இருந்தாலே மரபணுக் கோளாறு என்று பயப்படாதீர்கள். டைப் 1 உள்ளவர்களுக்குக் கணையம் சிறுத்தே இருக்கும். திட்டுகளிலிருந்து கசியும் இன்சுலின்தான் சுற்றியுள்ள செரிமானச் செல்களுக்கும் ஊட்டம், அது நின்றால் அக்கம்பக்கம் வற்றிப்போகிறது. வயதானாலும் சிறுக்கும். டைப் 2இல் கொழுப்பு படிந்து ஓரம் பிசிறடித்தது போல ஆகும். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு, கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் எடையைக் குறைத்து டைப் 2இலிருந்து மீண்டவர்களைப் பின்தொடர்ந்தது. 2020இல் வெளியிட்டார்கள்: இரண்டு வருடத்தில் அவர்களுடைய கணையம் சற்றே பெருத்திருந்தது, பிசிறும் குறைந்திருந்தது. தூங்கிப்போன செல்கள் விழித்து இன்சுலின் விடுவதால் அக்கம்பக்கம் மறுபடி ஊட்டம் பெறுகிறது என்று கருதுகிறார்கள். புதுப் பனை முளைக்கவில்லை, வாடி நின்றதில் பாளை விட்டிருக்கிறது. அதற்கு அவர்கள் சாப்பிட்டது பொடி அல்ல. முதல் சில மாதங்கள் நாளைக்குச் சுமார் 850 கலோரி, மருத்துவர் மேற்பார்வையில். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இதைத் தாங்களாக வீட்டில் முயன்றால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். என்னிடம் அப்படியும் வந்திருக்கிறார்கள்.

பொடியைப் பற்றி ஒரே ஒரு சேதி. சென்ற வருடம் ஓர் அம்மா 'மூலிகைதானே' என்று ஏதோ பொடி தின்று சர்க்கரை 42க்கு இறங்கி வந்தார். மூலிகை அவ்வளவு வேகமாக இறக்காது. இதே க்ளிபென்கிளமைடு போன்ற மாத்திரையை அரைத்துக் கலந்த பொடிகள் சோதனைகளில் அகப்பட்டதுண்டு. கணையம் வளர்ந்ததாக அந்த அம்மா நம்பியது, பலநாள் கசக்கிப் பிழியப்பட்ட கணையத்தின் கடைசிச் சொட்டுகளைத்தான்.

கணையத்தை உண்மையாகவே புதிதாக வளர்ப்பவர்கள் ஆய்வகத்தில் இருக்கிறார்கள். கரு 26ஆம் நாள் முதல் என்னென்ன சமிக்ஞைகளை எந்த வரிசையில் வாங்குகிறதோ அதையே தட்டில் பரிமாறுகிறார்கள். மூலச் செல்லுக்கு முதலில் ஆக்டிவின், பிறகு எஃப்ஜிஎஃப் குடும்பத்துக் காரணி, பிறகு ரெட்டினாயிக் அமிலம், கூடவே அந்த முள்ளெலியின் வாயை அடைக்க ஒரு மருந்து. நான்கைந்து வாரத்தில் பீட்டா செல். மெல்டன் குழு 2014இல் இந்தச் செல்களைக் கோடிக்கணக்கில் தயாரிக்கும் வழியைக் கண்டது. 2025இல் வெர்டெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட சோதனையில், முழு அளவு செல் ஏற்றப்பட்ட 12 டைப் 1 நோயாளிகளில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். உடல் இந்தச் செல்களை நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர வேண்டும் என்பதால் இது எல்லாருக்கும் உரியதாக இன்னும் ஆகவில்லை. ரெட்டினாயிக் அமிலம் வைட்டமின் ஏயிலிருந்து வருவது. இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் யாரும் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிவிட வேண்டாம். அளவு மீறினால் கருவின் முகமும் இதயமும் ஊனமாகும். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கர்ப்பத்தில் கூடவே கூடாது என்பதும் இதனால்தான்.

மரபணு மட்டுமே கணக்கை எழுதுவதில்லை. பெல்ஜியத்தில் 1990இல் கர்ப்பிணி எலிகளுக்குப் புரதத்தைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டிகளின் திட்டுகள் சிறுத்திருந்தன, பீட்டா செல்கள் குறைவாகவே பெருகின, திட்டுகளுக்குள் ரத்தக் குழாயும் குறைவு. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் செவிலியர் பேரேட்டில் எழுதிவைத்த பிறப்பு எடைகளை ஹேல்ஸும் பார்க்கரும் தூசி தட்டி எடுத்துப் பார்த்தபோது, எடை குறைந்து பிறந்த ஆண்களுக்கு அறுபத்து நான்கை ஒட்டிய வயதில் சர்க்கரை அதிகம் இருந்தது. நம் நாட்டில் புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் பார்த்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5. புனே குழந்தைகளின் சதை குறைந்திருந்தது, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களுக்கு ஏன் நாற்பதிலேயே சர்க்கரை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடைகளில் இது ஒன்று, முழு விடை அல்ல.

தாய்க்குச் சர்க்கரை ஏறினாலும் வேறு கோளாறு. டென்மார்க்கின் ஜோர்கன் பீடர்சன் 1950களிலேயே சொன்னது: தாயின் சர்க்கரை நச்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. சிசுவின் திட்டுகள் அந்தச் சர்க்கரையைச் சமாளிக்கப் பெருத்து, அளவுக்கு மீறிச் சுரந்து, குழந்தை நான்கு கிலோவில் பிறந்து, தொப்புள்கொடி அறுத்த சில மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து துடிக்கும். கொழுகொழுவென்று இருக்கிறதே என்று மகிழும் குடும்பத்திடம் குதிகாலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுக்க அனுமதி வாங்குவது சாதாரண வேலை இல்லை.

அந்த விவசாயிக்கு விடை சொல்லாமல் விட்டேன் என்றேன் அல்லவா. உயிரோடு இருப்பவருடைய பீட்டா செல்களை எண்ணிச் சொல்லும் சோதனை இன்றுவரை மருத்துவமனையில் கிடையாது. இன்சுலினோடு கூடவே வெளிவரும் சி-பெப்டைடு என்ற துணுக்கைப் பார்த்தால் எவ்வளவு சுரக்கிறது என்று தெரியும், எத்தனை செல் என்று தெரியாது. கள் எத்தனை கலயம் இறங்கியது என்று பார்க்கலாம், மரத்தை எண்ண முடியாது. அடுத்த முறை வந்தபோது இதை அவரிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சி-பெப்டைடு நன்றாகவே இருந்தது. பொடி வாங்கவில்லை என்றார். பிறகு தயங்கியபடி, "மவ முழுகாம இருக்கா சார், மூணு மாசம். என் சீக்கு பிள்ளைக்கு வந்துருமா?" என்றார்.

மறுநாளே மகளைக் கூட்டி வந்தார். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு ரத்தம், 140ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பா, கல்யாண வீட்டுப் பாயசத்தவிட இனிப்பா இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள். அப்பா டம்ளரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்துவிட்டால் முதலிலிருந்து குடிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் இரண்டு மணி நேரமும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

152 வந்தது. மாத்திரை எதுவும் எழுதவில்லை. சோற்றின் அளவைக் குறைத்து, முட்டையும் பயறும் கூட்டி, சாப்பிட்டபின் வரப்பில் பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்ததில் சாப்பிட்ட இரண்டு மணி நேரச் சர்க்கரை 114. இப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு அழைக்க வந்தவர், சித்ரான்னம் ஏழு வகையிலும் மகளுக்கு எத்தனை கரண்டி வைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.